பிரித்தானிய ஹெவி மெற்றல் பாண்டான அயன் மெய்டனைக் கேட்கத் தொடங்குகிறவருக்கு எந்தத் தொகுப்பு அல்பம் நல்லது?

1996இல் வந்த 'பெஸ்ட் ஒஃப் த பீஸ்ட்'. அதுவும் இரண்டு சீடி உள்ள பதிப்பு. ஒற்றை சீடியாகவும் ஒன்று வந்தது, ஆனால் அதில் பாட்டுகள் முன்னுக்குப் பின் கலந்து கிடக்கும். முதன்முதலாகக் கேட்கிறவருக்கு அது சரிவராது.

காரணம் பாடகர்கள். 1975இல் கிழக்கு லண்டனில் இந்த பாண்டைத் தொடங்கிய ஸ்டீவ் ஹரிஸ்தான் இன்றைக்கும் பேஸ் கிற்றார் வாசிக்கிறார், பாட்டுகளில் பெரும்பங்கும் அவர் எழுதியவை. குரல்தான் மாறி மாறி வந்தது. 1980, 1981 அல்பங்களில் போல் டியானோ. 1982இன் 'த நம்பர் ஒஃப் த பீஸ்ட்' முதல் புரூஸ் டிக்கின்சன். 1993இல் அவர் விலகிப்போக பிளேஸ் பெய்லி வந்தார். 1999இல் டிக்கின்சன் திரும்பிவிட்டார். 'பெஸ்ட் ஒஃப் த பீஸ்ட்' பெய்லி பாடிக்கொண்டிருந்த காலத்தில் வந்ததால் மூன்று பேரும் தங்கள் தங்கள் குரலிலேயே இருக்கிறார்கள். 2008இல் வந்த 'சம்வேர் பக் இன் டைம்' தொகுப்பில் டியானோ காலத்துப் பாட்டுகளைக்கூட டிக்கின்சன் மேடையில் பாடிய பதிவுகளாகத்தான் போட்டார்கள். டிக்கின்சன் பெரிய பாடகர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் டியானோவின் அந்த முரட்டுக் குரலைக் கேட்காமல் இந்த பாண்ட் எங்கேயிருந்து கிளம்பியது என்பது விளங்காது. அவர் 2024இல் இறந்தபோது எனக்கு இந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டுகள்தான் முதலில் ஞாபகம் வந்தன.

27 பாட்டுகளும் காலத்தைத் தலைகீழாக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. 1996இன் புதுப் பாட்டு 'வைரஸ்' முதலில், 1978இன் கடைசி நாட்களில் பதிந்த டெமோ (முன்மாதிரி ஒலிப்பதிவு) கடைசியில். நான் சொல்வது, இரண்டாவது சீடியின் கடைசியில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். பதிவு மெலிவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹரிஸின் பேஸ் அங்கேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு நீட்டல், இரண்டு குறுக்கல்: தீம் தக, தீம் தக, தீம் தக. யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டித் திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, காலே தாளம் போடும். அதற்கு மேலே இரண்டு கிற்றார்கள். ஒருவர் ஒரு சுரத்தைப் பிடித்தால் மற்றவர் அதிலிருந்து மூன்றாவது சுரத்தில் கூடவே போவார். டேவ் மரியும் ஏட்ரியன் ஸ்மித்தும் சேர்ந்து இழைத்த இந்தச் சத்தம் பிறகு எத்தனையோ மெற்றல் பாண்டுகளுக்குப் பாடமாகிப்போனது.

இனி, யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்கிறவன் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். இந்த அல்பம் வந்த 1996 செப்டெம்பரில், 1995இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து போன சனத்தில் ஒரு பகுதி அப்போதுதான் திரும்பி வந்து வீட்டில் என்ன மிஞ்சியது என்று பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு இது வந்து சேர்ந்தது யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002இல் திறந்த பிறகு, லண்டனில் இருந்து வந்த மச்சான் ஒருவரின் பையில். போர்ப் பாட்டுகள் இதில் நிறைய. 'ஏசஸ் ஹை' 1940இல் சைரன் கேட்டு விமானத்துக்கு ஓடும் பிரித்தானிய விமானியின் பாட்டு. பொம்மர் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடியவர்கள் நாங்கள். அதே வானத்தை விமானியின் இருக்கையில் இருந்து கேட்பது எனக்கு முதலில் நெருடலாகவே இருந்தது, இசை எவ்வளவு அருமையாக இருந்தும். 'த ட்ரூப்பர்' வேறு மாதிரி. 1854இல் பலக்லாவாவில் பீரங்கிகளுக்கு எதிரே குதிரையில் ஏவப்பட்ட ஒரு சிப்பாய், யாரும் பார்க்காத இடத்தில் விழுந்து சாகிறான். கொடி, வெற்றி எதுவும் அந்தப் பாட்டில் இல்லை. நான் அதிகம் திரும்பப்போவது 'அஃப்ரெய்ட் டு ஷூட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற பாட்டுக்கு. வளைகுடாப் போரை வைத்து எழுதியது. முன்பின் தெரியாத ஒருவனைச் சுடவேண்டி வருமே என்று பயப்படும் சிப்பாய் பேசுகிறான். துவக்குக்கு மறுபக்கம் நின்றவனுக்கும் பயம் இருந்திருக்கும் என்பதை எனக்கு முதலில் சொன்னது இந்தப் பாட்டுதான். தொகுப்பில் பெய்லி மேடையில் பாடிய பதிவு இருக்கிறது. மெதுவாகத் தொடங்கும், தள்ளிவிடாதீர்கள்.

அட்டைப்படத்தைப் பார்த்து வீட்டில் பயந்தால்: அந்த எலும்புமுகம் எடி, பாண்டின் சின்னம், டெரெக் ரிக்ஸ் வரைந்தது. பேய் வழிபாடு ஒன்றும் இல்லை. பைபிளில் மிருகத்தின் எண்ணாகச் சொல்லப்படும் 666ஐ வைத்து எழுதிய 'த நம்பர் ஒஃப் த பீஸ்ட்' பாட்டு ஹரிஸ் கண்ட ஒரு கெட்ட கனவில் இருந்து வந்தது. அமெரிக்காவில் சில மதக் குழுக்கள் அந்த இசைத்தட்டை எரித்தது உண்மை. ஆனால் பாட்டில் வருகிறவன் தான் கண்டதை நினைத்து நடுங்குகிறவன்.

இது பிடித்துப்போனால் அடுத்து 'பவர்ஸ்லேவ்' (1984), பிறகு 'செவன்த் சன் ஒஃப் எ செவன்த் சன்' (1988). இரண்டாவது ஒரே கதையைச் சுற்றி எழுதிய அல்பம், தொகுப்பில் பிய்த்துப் போட்ட பாட்டுகளை வைத்து அதை மதிப்பிட முடியாது. எதைக் கேட்டாலும் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பேஸ் விழாது, பேஸ் விழாவிட்டால் இந்த பாண்டில் பாதி போய்விடும்.