புறப்படும் முன் அந்தக் கார்டு எண்ணை மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்து மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறேன். அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தொண்டு அமைப்பான பீஸ் கோரின் தன்னார்வலராக, தாய்-சேய் நலக் கல்வியாளர் பணிக்கு மேற்கு ஆப்பிரிக்கா செல்ல அழைப்பு வந்திருக்கிறது. புறப்பட இன்னும் பத்து மாதங்கள் உள்ளன. அரசுக் கல்விக் கடன் 38,000 டாலர் இருக்கிறது. கிரெடிட் கார்டில் 6,200 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். மாதம் 250 டாலர் தவறாமல் கட்டியும் அது குறையவில்லை. சேமிப்புக்கு மாதம் 150 டாலர் ஒதுக்குகிறேன். அண்ணன் தன் வேன் தவணைக்காக மாதம் ஏறக்குறைய 300 டாலரை என் கார்டில் எடுத்துக்கொள்கிறார். கார்டு எண் அவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. இப்போது புதிய வாகனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் கேட்கிறார். "கூடப் பிறந்தவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப் போகிறாய்?" என்கிறார் அம்மா, அவரால் அண்ணனிடம் எதையும் மறுக்க முடியாது. குடும்ப நண்பர் ஒருவர், மாதம் 400 டாலரில் ஐயுஎல் எனப்படும், பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு எடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார். கல்விக் கடனை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. நான் போகலாமா?

பதில்: போகலாம். உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியது கல்விக் கடன் அல்ல. கார்டு எண் அண்ணனின் கைப்பேசியில் இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் மூன்று முறை படித்தேன்.

கல்விக் கடனை முதலில் முடித்துவிடுகிறேன். முதுகலைப் படிப்புக்கு வாங்கிய அரசுக் கடனுக்கு, தவணையை நிறுத்திவைக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே நிறுத்திவைப்பதற்கு விண்ணப்பிக்கும் முன், வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டத்தில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கடன் நிர்வாக நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்; தன்னார்வலரின் சொற்ப வருமானத்துக்கு அது மிகக் குறைவாகவே இருக்கும். தகுதியான 120 தவணைகளுக்குப் பிறகு மீதியைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டத்தில் பீஸ் கோர் பணியும் தகுதியான வேலையாகவே கொள்ளப்படுகிறது. இந்தக் கடனுக்கு வழி இருக்கிறது.

கார்டுக் கடனுக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. 6,200 டாலருக்கு மாதம் 2 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 124 டாலர். நீங்கள் கட்டும் 250 டாலரில் அது போக 126 டாலர்தான் அசலில் கழிகிறது. அதே மாதத்தில் அண்ணன் 300 டாலர் எடுக்கிறார். அதாவது, ஒழுங்காகக் கட்டிக்கொண்டே மாதம் 174 டாலர் புதிதாகக் கடன்படுகிறீர்கள். நீங்கள் கட்டத் தவறியதால் கடன் குறையாமல் இருக்கவில்லை.

இதே நிலையில் விமானம் ஏறினால் என்ன ஆகும் என்று தோராயமாகப் பார்ப்போம். மூன்று மாதப் பயிற்சியும் இரண்டு ஆண்டுப் பணியுமாக மொத்தம் 27 மாதங்கள். அதுவரை எதுவும் கட்டாவிட்டால் 6,200 டாலர் ஏறத்தாழ 10,600 டாலராகும். தாமதக் கட்டணங்களை நான் இதில் சேர்க்கவில்லை. அண்ணன் மாதாமாதம் 300 டாலர் எடுப்பதும் தொடர்ந்தால் இன்னொரு 10,600 டாலர் சேரும். பணியை முடித்துத் திரும்புவோர் வாழ்க்கையை மீண்டும் தொடங்குவதற்காகப் பீஸ் கோர் தரும் தொகை, வரிக்கு முன் 10,000 டாலருக்குச் சற்றே அதிகம். இரண்டு ஆண்டு உழைப்பின் பலனைப் போல இரண்டு மடங்கு, நீங்கள் ஊரில் இல்லாதபோது கார்டில் ஏறியிருக்கும். பயணச் செலவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றை அமைப்பு பார்த்துக்கொண்டாலும், மாதப்படி அந்தக் கிராமத்து மக்களைப் போல வாழ்வதற்குக் கணக்கிடப்பட்டதே தவிர, அமெரிக்காவில் ஓடும் வேனுக்குத் தவணை கட்டுவதற்கு அல்ல.

இந்த வாரமே வங்கியை அழைத்து, கார்டு எண்ணை மாற்றித் தரச் சொல்லுங்கள். பழைய எண்ணுக்கு வரும் தானியங்கிக் கட்டணங்கள் புதிய எண்ணுக்கு மாறிவிடக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். அண்ணன் எடுப்பது நின்ற பிறகு, கட்டிவரும் 250, சேமிப்புக்கு ஒதுக்குவதாக எழுதியிருக்கும் 150 ஆகியவற்றோடு, செலவைச் சுருக்கி இன்னொரு 300 டாலரையும் சேர்த்து மாதம் 700 டாலராகக் கட்டினால், பத்து மாதத்தில் கார்டுக் கடன் தீர்ந்துவிடும். 24 சதவீத வட்டி கட்டிக்கொண்டு வங்கியில் சேமிப்பு வைத்திருப்பதில் பொருளில்லை.

ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம். கடன் வாங்கியவரை முதலில் கேட்காமலேயே உங்களிடம் வசூலிக்கக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்று, ஜாமீன் போடுபவரிடம் தரும் அறிவிப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்; பலர் அதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். அண்ணன் ஒரு தவணை தவறினால் கடிதம் பெற்றோர் வீட்டுக்கு வரும், அதை உங்களுக்குச் சொல்ல யாருக்கும் மனம் வராது, கிராமத்தில் தொலைபேசித் தொடர்பும் சரியாக இருக்காது. நீங்கள் அறியும்போது உங்கள் கடன் மதிப்பெண் சரிந்திருக்கும்.

ஐயுஎல் விற்பவர்கள், சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் நட்டமில்லை என்பார்கள். லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதையும், தொடக்க ஆண்டுகளில் விலகினால் கட்டியதில் பெரும்பகுதி சரண்டர் கட்டணமாகப் போய்விடும் என்பதையும் அதே வேகத்தில் சொல்வதில்லை. உங்களை நம்பி வாழும் குழந்தைகள் இல்லை. புறப்பட்ட பிறகு 27 மாதங்களுக்குச் சம்பளமும் இல்லை. மாதம் 400 டாலர் கேட்கும் ஒப்பந்தத்தை உங்களிடம் நீட்டுவதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கடினம். நீங்கள் போகும் ஊரில், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று இளம் தாய்களுக்குக் கற்றுத் தரப் போகிறீர்கள். வெயிலில் குழந்தைக்குத் தாகம் எடுக்காதா என்று பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாமியார் கேட்பார். அவரைப் பகைக்காமலும் அவர் சொல்லுக்கு இணங்காமலும் அந்தப் பெண் பதில் சொல்ல நீங்கள் துணை நிற்க வேண்டும். அதே நிதானத்தோடு அண்ணனிடம் நேரில், அம்மாவும் இருக்கும்போது, எந்தத் தேதியோடு பணம் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். காரணங்களை அடுக்கத் தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும்.

நீங்கள் இல்லாதபோது வருமான வரி, கல்விக் கடன் கடிதங்கள் ஆகியவற்றைக் கவனிக்க ஒருவருக்கு வரையறுக்கப்பட்ட அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதில் அண்ணன் பெயர் வேண்டாம். அவருக்கு மறுக்க முடியாத அம்மாவின் பெயரும் வேண்டாம். கணக்கில் கறாரான ஒரு தோழியைக் கேளுங்கள். கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் எடுக்கும் அதிகாரம் அதில் இல்லை என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள்.