அம்மாவின் தோட்டைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, தலைமையாசிரியையாகப் போன வருடம் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடிந்தது. கடன் இல்லை. டெல்லிக்குச் சுற்றுலா போனபோது, பாரிஸில் பிறந்த பேர்போன நகை நிறுவனம் ஒன்றின் கடைக்கு மகள் கூட்டிப்போனாள். அங்கே பார்த்த வைர நகைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று அந்த நிறுவனத்தின் நகைகளை மட்டும் வாங்கிச் சேர்க்கலாமா? வீட்டுக்காரர், ‘அந்தக் காசுக்கு ஓசூர் பக்கம் மனை வாங்கிப் போடலாம்’ என்கிறார். நாத்தனார், ‘வைரத்தை அடகு வச்சா ஒரு ரூபா தேறாது’ என்கிறார். அம்மா கொடுத்த ஏழுகல் தோடு ஒன்று சும்மா கிடக்கிறது. புளூ ஜாகர் என்பார் அம்மா. அதைக் கொடுத்து முதல் நகைக்குப் பணம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் இப்படி ஆசைப்படுவது தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம், கடமையெல்லாம் முடித்த கை. அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். மற்றதைப் பேசுவோம்.

உங்கள் நாத்தனார் சொல்வது உண்மை. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடனுக்குப் போனால், மதிப்பீட்டாளர் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் தொகை போடுவார். வெளிநாட்டு நிறுவனங்களின் தங்க நகைகள் பெரும்பாலும் 18 காரட், அதாவது நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். மாங்காய் விலை விழுந்த வருடம் வளையலை வைத்துச் சமாளிப்பதும், பிள்ளை ஃபீஸுக்குச் சங்கிலியை வைப்பதும் நம் பக்கத்து வழக்கம். அந்த வேலைக்கு இந்த நகை உதவாது. ஆத்திர அவசரத்துக்கான பணத்தை 22 காரட் தங்கமாகவோ டெபாசிட்டாகவோ தனியாக வைத்துவிடுங்கள். அதைத் தொடாமல் மிஞ்சுவதில் மட்டும் வைரம் வாங்குங்கள். வீட்டுக்காரரின் மனைக் கணக்கும் கணக்காகப் பார்த்தால் சரிதான். பேர்போன நிறுவனத்தின் நகையைத் திருப்பி விற்றால், கட்டிய வரியும் பேருக்குக் கொடுத்த விலையும் பெரும்பாலும் திரும்பி வராது. அபூர்வமான பழைய நகைகள் சில ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. அதை நம்பி நீங்கள் வாங்க வேண்டாம்.

அப்புறம் எதற்கு வாங்குவது? வேலைப்பாட்டுக்காக. பெரிய நிறுவனம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் நகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நல்ல வேலையில் முன்பக்கம் எவ்வளவு வழவழப்போ பின்பக்கமும் அவ்வளவு வழவழப்பாக இருக்கும். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் ஒரே அளவில், நுனி உருண்டு இருக்கும். ஒரு மெல்லிய கைக்குட்டையை அதன் மேல் இழுத்தால் ஒரு நூல் மாட்டக் கூடாது. பக்கத்துப் பக்கத்துக் கற்கள் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். சின்னக் கற்களை அப்படிப் பொறுக்கிச் சேர்ப்பதே பெரிய வேலை. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886-இல் ஒரு மோதிரம் செய்தது. ஆறு கொக்கிகளால் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தி, கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் நுழைய விட்டது. இன்று நம் ஊர்க் கடைகளிலும் இருக்கும் ஒற்றைக்கல் மோதிரத்துக்கு அதுதான் முன்மாதிரி.

இதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடையில் ஒற்றைக்கல் மோதிரம் வாங்காதீர்கள். அதே எடை, அதே தரம் உள்ள கல் வேறு இடத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்த நிறுவனம் மட்டுமே செய்கிற வடிவமாகப் பார்த்து வாங்குங்கள். பாரிஸில் பிறந்த நிறுவனங்களில், கார்டியே 1969-இல் கொண்டுவந்த, திருப்புளியால் பூட்டும் ‘லவ்’ வளையல், வான் கிளீஃப் அன்ட் ஆர்பெல்ஸ் 1968-இல் தொடங்கிய நாலிதழ் ‘அல்ஹம்ப்ரா’ மாலை, இவையெல்லாம் எட்ட நின்று பார்த்தாலே யார் செய்தது என்று தெரிகிற நகைகள். பேருக்குக் கொடுக்கும் காசுக்கு அங்கேதான் அர்த்தம் இருக்கிறது. ஒரே நிறுவனத்தோடு நிற்பதும் நல்லதுதான். நாலைந்து வருடத்தில் அவர்கள் வேலை உங்கள் கண்ணுக்குப் பழகிவிடும், போலியைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பீர்கள். ஆனால் காவேரிப்பட்டணத்துக் கல்யாணத்துக்குப் போட்டுப் போக முடியாத எதையும் வாங்காதீர்கள்.

கல்லைப் பற்றி. தங்கத்தில் காரட் என்றால் சுத்தம், வைரத்தில் எடை. ஒரு காரட் என்பது 0.2 கிராம், நூறு சென்ட். 0.90 காரட் வட்டக் கல் சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 1 காரட் சுமார் 6.5. காதில் போட்டால் வித்தியாசம் யாருக்கும் தெரியாது, விலையில் நன்றாகத் தெரியும். காகபாதம் (காக்கைக் கால் போன்ற கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ரேகை (கோடு) என்று நம் முன்னோர் வைரத்துக்கு நான்கு குற்றம் சொன்னார்கள். இன்று பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து இதையேதான் தரம் பிரிக்கிறார்கள். 1931-இல் அமெரிக்காவில் தொடங்கிய, வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் சான்றிதழ் உலகம் முழுக்கச் செல்லும். நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்துகளால் குறிப்பார்கள், டி துளியும் நிறமில்லாதது. பெரிய கல் என்றால், சான்றிதழின் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருக்கிறதா என்று லென்ஸ் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடை விளக்கில் எல்லா வைரமும் பேசும். நகையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெயில் படாத பகல் வெளிச்சத்திலும் ஒரு முறை பாருங்கள்.

‘ஹால்மார்க் இருக்கிறது, அதனால் வைரம் நல்ல வைரம்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஹால்மார்க் நகையின் உலோகத்துக்குத்தான், கல்லுக்கு இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறியை (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் அடையாளம்), இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் தங்கத்தின் சுத்தம் தெரியும். கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், ஆனால் விலை மிகக் குறைவு. பில்லில் ‘இயற்கை வைரம்’ என்று எழுதி வாங்குங்கள். கல்லின் எடை, தரம், நகையின் எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் பான் எண் கேட்பார்கள், அவ்வளவு தொகையை ரொக்கமாக வாங்கவும் சட்டம் விடாது. பெட்டி, பில், சான்றிதழ் மூன்றையும் நகையைப் போலவே பத்திரப்படுத்துங்கள். பின்னால் பேத்தி விற்க நினைத்தால் வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

லாக்கரில் வைத்தால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு, வருட வாடகையைப் போல 100 மடங்குக்கு மேல் போகாது. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். அதனால் தனியாகக் காப்பீடு எடுங்கள். ஹாரி வின்ஸ்டன் என்ற நகை வியாபாரி, நம் கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து போனதாகச் சொல்லப்படும் 45.52 காரட் ‘ஹோப்’ வைரத்தை 1958 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட்தான். மீதி முழுக்கக் காப்பீடு.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் மஞ்சள் பூசும்போதும் கழற்றி வையுங்கள். வைரம் எண்ணெய்ப் பிசுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மங்கினால் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். ஒரு கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள், வாஷ்பேசின் வேண்டாம். கொக்கி தளர்ந்தால் அந்த நிறுவனத்திடமே கொடுங்கள்.

இப்போது அம்மாவின் தோடு. புளூ ஜாகர் என்ற பேர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. நல்ல வெள்ளையில் நீலம் ஓடும் கல்லை நம் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். பழைய தோடுகளில் கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். உள்ளே எடை எவ்வளவு, ஓரம் உடைந்திருக்கிறதா என்று பிரித்தால்தான் தெரியும். விற்கப் போனால் அந்தச் சந்தேகம் முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

எனக்கு இது நடந்தது. பல வருடம் முன்பு என் அம்மாவின் ஏழுகல் தோட்டை விற்றேன். கடைக்காரர் திருப்பிப் பார்த்து, ‘உள்ள கல்லு எப்படி இருக்கோம்மா’ என்று பாதியாகக் குறைத்தார். கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பணத்தில் என்ன வாங்கினேன் என்று இன்று நினைவில்லை. தோடு நினைவிருக்கிறது. இடது தோட்டின் திருகாணி தளர்ந்திருக்கும். அம்மா அதில் வெள்ளை நூல் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் போட்டுக்கொள்வார். விற்ற அன்று அந்த நூலும் அதிலேயே இருந்தது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், அந்தத் தோட்டைக் கொடுக்காதீர்கள். முதல் நகை ஒரு வருடம் தள்ளிப் போனால் போகட்டும். கல் எதுவும் ஆடினால் மட்டும், நம்பகமான ஆசாரியிடம் கூடவே உட்கார்ந்து இறுக்கி வாங்குங்கள். பழைய கட்டைப் பிரிக்கச் சொல்லாதீர்கள். பணம் சேர்ந்ததும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். பின்பக்கம், கொக்கி எல்லாம் அவரும் லென்ஸில் பார்க்கட்டும். காதில் அம்மாவின் தோடு இருக்கட்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து புது நகையைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் வாங்குங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.