ரோமானியக் காசில் ‘தீவா ஃபௌஸ்தீனா’ என்று பொறித்திருப்பது ஏன்?

‘தீவா’ என்றால் தெய்வமாக்கப்பட்டவள். ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் மனைவி ஃபௌஸ்தீனா கி.பி. 140-ல் இறந்தார். செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. ரோமின் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் எழுந்த அவரது கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

சரி, காசில் ஏன்? பத்திரிகை இல்லாத காலம். கோயிலைப் பார்க்க ரோமுக்குப் போக வேண்டும்; காசோ கடைசிக் கிராமத்துக் கடைக்கும் தானாகவே போய்ச் சேரும். மறைந்த தலைவருக்குத் தபால்தலை வெளியிடுகிறோமே, அதுபோலத்தான். அரச குடும்பத்துக்கும் பெருமை. இவற்றில் பல காசுகளின் பின்புறம் ‘எதெர்னிதாஸ்’, அதாவது நித்தியம். இவற்றில், காசு சேகரிப்போரிடம் ‘வெண்கலம்’ என்று பெயரெடுத்த ‘செஸ்டர்சியஸ்’ என்னும் பெரிய காசு உண்மையில் பித்தளை!

பலர் இவற்றை நினைவுப் பதக்கம் என்று நினைக்கிறார்கள். இல்லை, ரொட்டி வாங்கக் கொடுத்த சில்லறைதான்.