பாதியில் இடைவேளை விட்ட பந்தயம்: நாஸ்கார் டிரக் 1995 கேள்வி பதில்

அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்தும் டிரக் பந்தயத்தின் முதல் சீசனான 1995 பற்றி, பாதியில் இடைவேளை விட்டார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இன்னொரு வரியில் பதில் சொல்ல முடியாது போலிருக்கிறது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டிரக் என்றால் லாரியா அண்ணா? நொய்டாவில் டாடா பிரைமா ஓட்டினார்களே, அந்த மாதிரியா?

இல்லை தம்பி. 2014இல் கிரேட்டர் நொய்டாவில் ஓடியது நிஜ லாரியின் முன்பாதி. இது பிக்கப் வேஷம் போட்ட ரேஸ் கார். உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், முன்னால் வி8 எஞ்சின், இழுப்பது பின் சக்கரம். ஹெட்லைட் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர். கதவு திறக்காது, டிரைவர் ஜன்னலில் காலை விட்டுத்தான் உள்ளே இறங்குவார். பின்னால் இருக்கும் தொட்டியையும் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். ஒரு மூட்டை வெங்காயம்கூட ஏற்ற முடியாது.

யாருக்கு வந்த யோசனை இது?

பாலைவனத்தில் ஆஃப்-ரோடு பந்தயம் நடத்திக்கொண்டிருந்த நால்வருக்கு: டிக் லேண்ட்ஃபீல்ட், ஜிம்மி ஸ்மித், ஜிம் வெனபிள், ஃபிராங்க் வெசல்ஸ். நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500 நடந்த சமயத்தில், 1994இல், மாதிரி வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அதே வருஷம் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், மெசா மரின் டிராக்கில் வெள்ளோட்டம் நடந்தது. 1995 பிப்ரவரி 5 அன்று ஃபீனிக்ஸில் முதல் பந்தயம். அந்த வருஷம் மொத்தம் 20.

ஏன் பிக்கப் என்கிறீர்களா? அமெரிக்காவில் அதிகம் விற்கும் வண்டியே ஃபோர்டின் எஃப் வரிசை பிக்கப்தான். ஸ்பான்சராக வந்தது சியர்ஸ் கடையின் கிராஃப்ட்ஸ்மேன் கருவிகள். ஸ்பேனர் விற்கிறவனுக்கு பிக்கப் வைத்திருப்பவரைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

"இடைவேளை" என்று எழுதியிருந்தீர்களே, நிஜமாகவா? சினிமா மாதிரியா?

நிஜமாகத்தான். எனக்கு இந்த சீசனைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. அந்த வருஷம் போன டிராக்குகளில் பல, உள்ளூர்க்காரர்கள் சனிக்கிழமை ராத்திரி ஓட்டுகிற சின்ன டிராக்குகள். கலிபோர்னியாவின் சாகஸ் டிராக்கில் ஒரு சுற்றே மூன்றில் ஒரு மைல்தான். அங்கெல்லாம் பத்திரமாக டயர் மாற்ற ஒழுங்கான பிட் பாதை கிடையாது. முப்பது வண்டி சீறிக்கொண்டிருக்கும்போது ஆட்கள் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் நிற்பது? அதனால் பாதிப் பந்தயத்தில் எல்லோரையும் நிறுத்தி, சில நிமிடம் கொடுத்தார்கள். பானெட்டைத் தூக்கு, டயரை மாற்று, ஸ்பிரிங்கைத் திருத்து, பெட்ரோல் ஊற்று. அப்புறம் மறுபடி வரிசை கட்டு.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. பத்துப் பதினைந்து நொடியில் நான்கு டயரையும் கழற்றி மாட்டுகிற கைதேர்ந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டாம். சின்ன அணியும் பிழைத்தது. டிவிக்காரர்களுக்கும் கொண்டாட்டம்: டிரைவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கை நீட்டலாம்.

பிறகு டிரைவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பாதியில் எப்படியும் புது டயர் வரப்போகிறது, நின்ற வண்டிகளுக்கு நடுவே இருக்கும் தூரமும் அழிந்துவிடும், முன்பாதியில் ஏன் அடித்துப்பிடித்து ஓட்ட வேண்டும்? சிலர் வேண்டுமென்றே பின்தங்கி டயரைக் காப்பாற்றினார்கள். பார்க்கிறவனுக்கு அலுப்பு. 90களின் முடிவுக்குள் இடைவேளை போய், பந்தயம் நடக்கும்போதே ஒதுங்கி டயர் மாற்றுகிற வழக்கமான பிட் ஸ்டாப் வந்துவிட்டது. சரியான முடிவுதான். ஆனால் அதோடு ஒரு கிராமத்துத் திருவிழாக் களையும் போய்விட்டது என்பேன்.

சார், புள்ளிப் பட்டியல் பார்த்தேன். ரான் ஹார்னடே 6 வெற்றி, மூன்றாம் இடம். ஜோ ரட்மேன் 2 வெற்றி, இரண்டாம் இடம். அச்சுப்பிழையா?

இல்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். மைக் ஸ்கின்னர் 8 வெற்றியோடு சாம்பியன். மிச்சம் நான்கை கென் ஷ்ரேடர், டெர்ரி லபான்டி, புட்ச் மில்லர், மைக் பிளிஸ் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதைய கணக்கில் முதலிடத்துக்கு 175 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 170, ஐந்தாம் இடத்துக்கு 155, முப்பதாம் இடத்துக்கு 73. முன்னணியில் ஓடினால் கிடைக்கும் போனஸை விட்டுவிடுங்கள். ஒருவர் ஒரு பந்தயத்தில் ஜெயித்து அடுத்ததில் முப்பதாவதாக வந்தால் 248. இரண்டிலும் ஐந்தாவதாக வந்தவருக்கு 310! ஜெயிப்பதைவிட, சுவரில் மோதாமல், எஞ்சின் வெடிக்காமல் வீடு வந்து சேருவதற்கு மதிப்பு அதிகம். ஐம்பது வயதைத் தாண்டிய ரட்மேனுக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும்.

இது நியாயமா என்று அடுத்த கேள்வி வரும். என்னைக் கேட்டால், இல்லை. வெற்றிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாம்.

அந்த சீசனில் ஒரே ஒரு பந்தயம் பார்க்கலாம் என்றால் எது?

கொலராடோ நேஷனல் ஸ்பீட்வே, ஜூலை மாதம். கடைசிக் கோட்டில் புட்ச் மில்லரும் ஸ்கின்னரும் பக்கத்தில் பக்கத்தில். மில்லர் ஜெயித்தது 0.001 நொடியில். மணிக்கு 120 கிலோமீட்டரில் போகிற வண்டி அந்த நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான் நகரும். இரண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பதிலில் சொன்ன கணக்குப்படி ஸ்கின்னருக்கு ஐந்து புள்ளிதான் நஷ்டம். கோப்பை போனதற்கு அவர் எவ்வளவு வருத்தப்பட்டார் என்பது வேறு கணக்கு.

நாஸ்கார் என்றாலே இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதுதானே? இதில் என்ன இருக்கிறது?

டோபீகா, சியர்ஸ் பாயின்ட் இரண்டும் சாலை மாதிரி வளைந்து நெளியும் டிராக்குகள், அங்கே வலது பக்கமும் திரும்பினார்கள். மற்ற 18 பந்தயத்தில் இடதுதான். இரண்டு பேர் ஒரே வளைவுக்கு ஒரே நேரத்தில் ஆசைப்பட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் சண்டைதான் அய்யா.

பெரிய தலைகள் யாரும் பணம் போட்டார்களா?

போட்டார்கள். ஸ்கின்னரின் 3ஆம் எண் செவ்ரலே ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணியுடையது. ஹார்னடேவின் முதலாளி, நாஸ்காரின் பெரிய நட்சத்திர டிரைவரான சாட்சாத் டேல் எர்ன்ஹார்ட். ஹார்னடே பிற்பாடு நான்கு முறை சாம்பியன் ஆனார். ஸ்கின்னர் பெரிய பிரிவான வின்ஸ்டன் கப்புக்குப் போய் 1997இல் சிறந்த புதுமுகம் விருது வாங்கினார்.

அந்தச் சின்ன டிராக்குகள் இன்னும் இருக்கின்றனவா அக்கா? (இப்படிக் கேட்டவருக்கு: நான் அண்ணன்தான், பரவாயில்லை.)

சில இருக்கின்றன. கொலராடோவிலும், வாஷிங்டன் மாநிலத்து எவர்கிரீனிலும் இன்றும் வண்டி ஓடுகிறது. மெசா மரின் போய்விட்டது. சாகஸில் 1995 ஏப்ரலில் ஷ்ரேடர் ஜெயித்தார். அதே வருஷம் பார்வையாளர் மேடை ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று பந்தயங்களை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே பல வருஷம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடந்தது. பழைய துணி, பாத்திரம், கருவிகள் எல்லாம் வாங்கலாம். கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனரும் கிடைத்திருக்கும்.