"ஐ டோன்ட் லைக் காஃபி"ன்னு ஒருத்தர் சொன்னா "எனக்கும் பிடிக்காது"ங்கறத இங்கிலீஷ்ல கேஷுவலா எப்படி சொல்றது? 'மீ டூ' சரியா?

'மீ டூ' வேணாங்க, 'மீ நைதர்' சொல்லுங்க. "ஐ ஹேவ்ன்ட் ஸீன் இட்", "ஐ கான்ட் ஸ்விம்" எதுவா இருந்தாலும் அதே ரெண்டு வார்த்தைதான், வேற யோசனையே வேணாம். 'நைதர் டூ ஐ'யும் நல்ல இங்கிலீஷ்தான், ஆனா அவர் சொன்ன வாக்கியத்துக்கு ஏத்த மாதிரி நைதர் ஹேவ் ஐ, நைதர் கேன் ஐன்னு மாத்திக்கிட்டே இருக்கணும், பேசுற வேகத்துல அங்கதான் நாக்கு சிக்கும். அமெரிக்காக்காரங்க பேச்சுல 'மீ ஐதர்'னும் வரும், கேட்டா புரிஞ்சுக்கோங்க, எழுத்துல மட்டும் வேணாம். நைதர், நீதர் ரெண்டு உச்சரிப்பும் ஓகே.

"ஐ ஹேட் காஃபி"ன்னு சொன்னா மட்டும் பதில் 'மீ டூ'தான், ஏன்னா விஷயம் வெறுப்பா இருந்தாலும் வாக்கியத்துல 'நாட்' இல்ல. அதுக்கு நேர்மாறா நெவர், ஹார்ட்லி எல்லாம் 'நாட்' இல்லாமலே நெகடிவ் கணக்கு, "ஐ ஹார்ட்லி எவர் குக்"னா 'மீ நைதர்'.

ஆனா நம்மாளுங்க நிஜமா மாட்டுறது யெஸ், நோ-லதான். ஆபீஸ் கால்ல நான் அடிக்கடி பாக்குறது இது, அந்தப் பக்கம் "ஸோ த ஃபைல் ஹேஸ்ன்ட் கம்?"னு கேப்பாங்க, நம்ம பையன் "ஆமா, வரல"ங்கற நினைப்புல "யெஸ்"னு சொல்லி நிறுத்திடுவான், அவங்களுக்கு வந்துடுச்சா வரலையான்னு குழப்பம், திரும்ப கேப்பாங்க, இவன் திரும்பவும் இன்னும் சத்தமா "யெஸ், யெஸ்"ம்பான். பாவமா இருக்கும், அவன்கிட்ட விஷயம் சரியாத்தான் இருக்கு. தமிழ்ல நாம எதிராளி சொன்னது சரியான்னு பாத்து ஆமா போடுறோம், இங்கிலீஷ்ல ஃபைல் வந்துச்சா இல்லையான்னு பாத்துத்தான் பதில், வரலைன்னா "நோ, இட் ஹேஸ்ன்ட்". கேஷுவலா "யெ, இட் ஹேஸ்ன்ட்"னு அவங்களே சொல்லுவாங்க, அதுவும் சரிதான், ஏன்னா குழப்பத்த தீர்க்குறது அந்த வால்தான். அதனால வெறும் யெஸ்ஸோட நிறுத்தாதீங்க, 'இட் ஹேஸ்ன்ட்', 'ஹி இஸ்ன்ட்', 'தே டோன்ட்'னு வால ஒட்டிடுங்க.

இந்தத் தொல்லை இங்கிலீஷுக்கே உள்ளதுதான். பழைய இங்கிலீஷ்காரங்ககிட்ட யே, நே, யெஸ், நோன்னு நாலு வார்த்தை இருந்துச்சு, நெகடிவ் கேள்விக்கு யெஸ், நோ, சாதா கேள்விக்கு யே, நே. 1532லயே தாமஸ் மோர்ங்கற இங்கிலாந்து அறிஞர், வில்லியம் டிண்டேல்ங்கறவர் தன்னோட பைபிள் மொழிபெயர்ப்புல 'நே' வர வேண்டிய இடத்துல 'நோ' போட்டுட்டார்னு சண்டைக்குப் போயிருக்கார்.

ஃப்ரெண்ட்ஸ்கிட்ட புலம்பல்னா இன்னும் ஈஸி. "ஐ டோன்ட் கெட் எனி ஸ்லீப் தீஸ் டேஸ்"னா "டெல் மீ அபௌட் இட்". கதைய சொல்லுன்னு அர்த்தம் இல்ல, என் நிலைமையும் அதேதான்னு அர்த்தம், யாராவது உங்ககிட்ட அப்படி சொன்னா உக்காந்து விளக்க ஆரம்பிச்சிடாதீங்க.