தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் பால்வெளியை வெறும் கண்ணால் பார்க்க இன்னும் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம் மொட்டை மாடிகளிலிருந்து முடியாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வயல்வெளிப் பக்கமோ, வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரைப் பக்கமோ போக வேண்டும். பங்குனி, சித்திரையில் அமாவாசையை ஒட்டி, விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் தெற்கே பாருங்கள். கேட்டை சிவப்பாக மின்னும். அதற்குக் கீழே இடப்புறம் தேளின் கொடுக்காக வளைவது மூலம். மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவே வெளுத்துத் தெரிவது மேகமில்லை, பால்வெளியின் அடர்ந்த பகுதி. அதன் மையம் அந்தத் திசையில்தான், சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை செல்போனைத் தொடாதீர்கள்.

என்னை மிகவும் உறுத்துவது சதயம். ஐப்பசி தோறும் ராஜராஜ சோழனுக்குப் பெரிய கோயிலில் சதய விழா எடுக்கிறோம். அதே ஐப்பசியில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குச் சதயம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். மங்கலான நட்சத்திரம் அது. விழா விளக்குகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தால் தெரியாது. ஜாதகத்தில் தன் நட்சத்திரம் என்னவென்று தெரியாதவர் நம் ஊரில் அபூர்வம். அதைக் கண்ணால் பார்த்தவர் அதைவிட அபூர்வம்!

வெளிச்சம் மேல்நோக்கிப் போவதுதான் கோளாறு. தெருவில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கை எடுத்துவிட்டு மாட்டிய வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், நீலம் காற்றில் அதிகமாகச் சிதறும். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் மக்கள் கண்ணால் பார்த்துப் பதிந்ததைத் தொகுத்த ஓர் ஆய்வில், இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியது தெரிந்தது. அப்படியானால் எட்டு வருஷத்துக்குள் இரண்டு மடங்கு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தபோது எங்கள் ஊரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையெல்லாம் போன துக்கத்தில் வானத்தைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் மேகம் விலகிய ஒரு ராத்திரி, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டு கார்த்திகையைக் காட்டினார். ஆறு மீனையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. ஆற்றில் கலந்த சாயக் கழிவென்றால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வானத்துக்கு விளக்கணைந்தால் போதும், அன்றைக்கே தெளிந்துவிடுகிறது.

தெருவிளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கும் பெண்களுக்கும், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கும் வெளிச்சம் வேண்டும். அது தரையில் விழட்டும். மஞ்சள் பல்பு, மேலே ஒரு தகர மறைப்பு, அவ்வளவுதான் செலவு. எங்கள் வாசல் விளக்கை அப்படி மாற்றியிருக்கிறோம். சம்பா நிற்கும் நாட்களில் வயலிலிருந்து வந்து மொய்க்கும் பச்சைப் பூச்சியும் இப்போது குறைவு.