மடுவுக்குப் போக வெட்கம்: கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாகப் பங்கில் மறைக்கல்வி படிப்பித்தவன் நான், சாமியார் இல்லை. கடவுளின் இரக்கம் பற்றிப் போன கிழமை எழுதியதற்கு வந்த கேள்விகளில் நாலு கீழே.

ஐயா, கசிப்புக் குடிப்பதை விடுவதாக மன்னார் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. ஆவணித் திருவிழாவுக்குப் போக வெட்கமாக இருக்கிறது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால் ஆண்டவருக்குச் சலிக்காதா? (முறிகண்டி)

தம்பி, யோவான் நற்செய்தியில் 18ஆம் அதிகாரத்தையும் 21ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். பேதுரு, இயேசுவின் சீடன் "நான் இல்லை" என்று சாதித்தது தலைமைக் குருவின் முற்றத்தில், குளிருக்கு மூட்டியிருந்த கரிநெருப்பில் கை காய்ச்சிக்கொண்டு நின்றபோது. பிறகு உயிர்த்த இயேசு விடியற்புறம் கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்ததும் கரிநெருப்பில்தான். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது இல்லை. நந்திக்கடல் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், கரியில் மீன் சுடும் மணம் மூக்கில் ஏறினால் எந்த நாளெல்லாம் திரும்பி வரும் என்று. பேதுருவுக்கும் அந்த இரவு வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் இயேசு கூப்பிட்டது "வந்து சாப்பிடுங்கள்" என்றுதான். சாப்பிட்ட பிறகு, மூன்று தரம் மறுத்தவனிடம் மூன்று தரம் "என்னில் அன்பா?" என்று கேட்டார், ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருதரமும் கேட்கவில்லை.

போங்கள், வெட்கத்தோடேயே போங்கள். ஒன்று மட்டும், கனகாலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், ஆகவே நேர்த்தியோடு நிற்காமல் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவிலும் போய்க் கதையுங்கள்.

சீட்டுக் காசைச் சுருட்டிக்கொண்டு போனவர் இப்போது, ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்று சாட்சி சொல்லித் திரிகிறார். என் காசு? (கிளிநொச்சி)

அக்கா, சிரித்துவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். வரிதண்டுகிற சக்கேயுவின் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு முதலே சொல்லிவிட்டார், அந்த ஆள் திருந்திய பிறகு இல்லை. ஆனால் அவர் வந்ததும் சக்கேயு என்ன செய்தான்? ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். உங்கள் ஆளிடம் நாலு மடங்கு வேண்டாம், நீங்கள் கட்டிய காசைக் கேளுங்கள்.

மனைவி துரோகம் செய்தும் இறைவாக்கினர் ஓசேயா ஏற்றுக்கொண்டார், அதுபோல நீயும் அடிக்கிற புருசனோடு பொறுத்துப் போ என்கிறார்கள். சரியா? (வவுனியா)

இல்லை, தங்கச்சி. ஓசேயா 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மனைவியை மீட்டது கடவுள் எப்படிப்பட்டவர் என்று காட்ட, உங்களை அடிவாங்கச் சொல்ல இல்லை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், நாளைக்கே போங்கள்.

2009இல் எனக்குப் பதினாறு வயது. ஓடும்போது நடக்க முடியாத அம்மம்மாவைப் பங்கருக்குள் விட்டுவிட்டு வந்தோம். ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று பாடும்போது தொண்டை அடைக்கிறது. (புதுக்குடியிருப்பு)

இதற்கு உடனே பதில் எழுத முடியவில்லை, இரண்டு நாள் வைத்திருந்தேன். 2008 சித்திரையில் மடு மாதாவின் சொரூபத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவந்த மண் இது. அந்தக் காலத்தில் விட்டுவிட்டு வந்தது எதுவுமில்லை என்று சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

நீங்கள் பாடுகிற அந்த வரி புலம்பல் நூலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து வருவது. எருசலேம் எரிந்து, பிள்ளைகள் பசியில் செத்துக்கொண்டிருந்ததைப் பற்றிய நூல். கடவுளின் இரக்கம் காலைதோறும் புதிது என்ற பேச்சு அதன் நடுவில் வருகிறது, ஆனால் நூல் அங்கே முடியவில்லை. மறுபடி அழுகிறது. கடைசி வசனம்கூட, எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற தவிப்புத்தான். அந்தத் தவிப்பை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. ஆகவே பாட முடியாத நாளில் பாடாமல் நில்லுங்கள், அதுவும் செபம்தான்.

பதினாறு வயதுப் பிள்ளை செல்லடிக்குள் ஓடியதைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கார்த்திகை 2ஆம் திகதி இறந்தோர் பூசைக்கு அம்மம்மாவின் பெயரை எழுதிக் கொடுங்கள். இதுவரை கொடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.